பதினோராம் இடத்துக்கு வாங்கிய கேக்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர, அது எந்தக் காலத்தில் சௌக்கியமாக இருந்தது. அங்கே நீ எப்படி இருக்கிறாய், உன் வலது கணுக்கால் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக எழுது, சேர்த்து எழுதினால் ஏதோ ஒன்றை மறைக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போட்டி முடிந்த மறுநாள் நீ போனில், போதும்னு தோணுது, நிறுத்திடட்டுமா அம்மா என்று கேட்டாய். நான் அதற்குப் பதிலாக ஃப்ரிட்ஜ் ரிப்பேரான கதையை முழுக்கச் சொன்னேன். போனை வாங்கிய அப்பா, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நீயும் சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டாய். ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது. உன் கேள்வி அப்படியே நிற்கிறது. மாதக் கடைசிக்குள் உன் பயிற்சியாளரம்மாவுக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும், கணுக்காலை அறுவை சிகிச்சை செய்துகொண்டு இன்னொரு வருஷம் போட்டியில் நிற்பதா, இல்லை அங்கேயே பனித்தளத்தில் குழந்தைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒத்துக்கொள்வதா என்று. பேச்சில் எனக்கு நழுவத் தெரியும், எழுத்தில் தெரியாது, அதனால்தான் கடையில் இரண்டு பேண்ட் மடித்துத் தைக்க வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தை வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனாள், உன் ஸ்கேட்டிங் நிரந்தர வேலையா, பென்ஷன் உண்டா என்று இந்தத் தடவையும் கேட்டாள், இல்லை என்று இந்தத் தடவையும் சொன்னேன். உன் அறையில் யாரும் எதையும் மாற்றவில்லை, தையல் மெஷின் மட்டும் அங்கே குடியேறியிருக்கிறது. பத்திரிகையில் வந்த உன் பேட்டியை மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே பனியின் மேல் உனக்குக் காதல் என்று போட்டிருக்கிறது. இங்கே என் தையல் கடைக்கு அடுத்த கதவு நம் ஊர்ப் பனித்தளம் என்பதும், உன்னை அங்கே விட்டால் கண்ணாடிச் சுவர் வழியாக என் கண் பார்வையில் இருப்பாய் என்று விட்டேன் என்பதும், முதல் மாதம் முழுக்க நீ கைப்பிடியை விடாமல் அழுதாய் என்பதும் அதில் இல்லை. பரவாயில்லை, பேட்டிக்குக் காதல்தான் நன்றாக இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன், இதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் என் வாயால் கேட்டுவிடு. உன் போட்டியை நாங்கள் நேரடியாகப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ ஜூனியர் போட்டியில் ஆடியபோது டி.வி. முன்னால் அப்பாவும் உன்னோடு சேர்ந்து தாவி, நீ ஒழுங்காக இறங்கி, அவர் டீப்பாய் மேல் இறங்கினார் அல்லவா, அந்த முழங்கால்தான் இது. அன்றிலிருந்து வழக்கம் என்ன, மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர் அவர் வீட்டில் நேரடியாகப் பார்ப்பார், நாங்கள் கீழே சமையலறையில் வெங்காயம் உரிப்போம். பதக்கம் என்றால் அவர் தரையில் மூன்று தடவை ஓங்கி மிதிப்பார், எங்களுக்குக் கூரையில் கேட்கும். பதக்கம் இல்லை என்றால் மிதிக்க மாட்டார், அவரே இறங்கி வந்து பக்குவமாகச் சொல்வார். பிறகுதான் பதிவை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். இத்தனை வருஷத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை. நாங்கள் எத்தனையோ கிலோ வெங்காயம் உரித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தத் தடவை கூரையில் மூன்று மிதி விழுந்தது. நான் நன்றாகக் கேட்டேன், அப்பாவும் கேட்டார், விளக்கு கூட ஆடியது. மற்ற பெண்கள் பாதிப் பேர் இன்னும் ஆடவே இல்லை, அதற்குள் எப்படிப் பதக்கம் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை, சந்தோஷம் வந்தால் கணக்கு எங்கே வருகிறது. அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்க் கேக் வாங்கி வந்தார். வருகிற வழியிலேயே பஸ் டிப்போவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். டிப்போவில் அன்று பணியில் இருந்த கண்ட்ரோலர் உனக்குத் தெரியும், ரகசியம் தங்காத மனுஷன், ஒலிபெருக்கியில் அப்பா ஓட்டும் வழித்தடத்து எல்லா பஸ்ஸுக்கும் அறிவித்துவிட்டார், நம்ம டிரைவரோட பொண்ணுக்குப் பதக்கம் என்று. பயணிகள் கை தட்டினார்களாம்.

நடந்தது என்ன என்றால், நீ விழுந்தபோது மருந்துக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை, அடடா அடடா அடடா என்று தன்னை மறந்து தரையில் மிதித்துவிட்டார். மிதித்தது அவருக்கே தெரியாது. எல்லாரும் ஆடி முடித்து நீ பதினோராம் இடம் என்று வந்த பிறகு, முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்களுக்கு ஆறுதல் சொல்ல இறங்கி வந்தார். கதவைத் திறந்ததும் அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேஜை மேல் கேக். நான் ஒரு துண்டு வெட்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், பிறகு கேக்கைச் சாப்பிட்டார். தோல்வியை இப்படி எடுத்துக்கொள்கிற மனுஷர்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று அப்போது அவருக்குக் கண் கலங்கியதாம், பின்னால் சொன்னார். நாங்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னொரு துண்டு வைத்தோம்.

அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பதிவைப் பார்த்தோம். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். இருபது வருஷமாக நான் உன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்கிறேன், உண்மையில் நான் பார்த்தது நீ போட்டிருக்கும் உடையின் தையலை. முதுகுக் கொக்கி நிற்குமா, கை தூக்கும்போது அக்குள் பிரியுமா, கல் ஏதாவது உதிருமா, என் கண் அங்கேயேதான் இருக்கும். அப்பா உன் கால்களை விட்டு மேலே வந்ததே இல்லை. அன்றைக்குத்தான் ஜெயித்தாகிவிட்டது, இனி கொக்கி பிரிந்தால் என்ன என்று நிம்மதியாக உன் முகத்தைப் பார்த்தேன். இசை தொடங்கியபோது நீ, பாங்கில் நீண்ட வரிசையில் நிற்கிறவள் மாதிரி இருந்தாய். முதல் தாவல், இரண்டாம் தாவல், எல்லாம் சரியாகத்தான் செய்தாய், முகம் மட்டும் வரிசையிலேயே நின்றது. மூன்று சுற்றுச் சுற்றும் அந்தத் தாவலில் விழுந்தாய், இடுப்பு இடித்து, சறுக்கிக்கொண்டே ஓரத் தடுப்பு வரைக்கும் போனாய். மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா கேக் சாப்பிட்டுக்கொண்டே, பரவாயில்ல, எழுந்துடுவா, மத்தவங்க இதை விட மோசமா விழுந்திருப்பாங்க என்றார்.

நீ எழுந்தாய். எழுந்து, மீதி இருந்ததை ஆடினாய். அந்த மீதியை நான் இப்போது தினமும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். நீ சிரித்தாய். நடுவர்களுக்குக் காட்டும் சிரிப்பு எனக்குத் தெரியும், அதில் தெரியும் பற்களின் எண்ணிக்கை மாறவே மாறாது. இது அது இல்லை. யாரையும் பார்க்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு பெரிய வளைவு எடுத்து அந்தக் கடைசிச் சுழற்சிக்குப் போனாய் பார், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தவள் மாதிரி. ஜெயிச்சிட்டோம்னு அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க என்று நான்தான் அப்பாவின் காதில் சொன்னேன். அதற்கப்புறம் மதிப்பெண் வந்தது, பதினொன்று வந்தது, அப்பா மெதுவாகத் திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். தெரிஞ்சுதான் கேக் வாங்கினீங்கன்னு நெனச்சேன் என்றார் அவர். மூன்று பேரும் கொஞ்ச நேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் சலவைத்தூள் விளம்பரம் ஓடியது.

எனக்குத் தோல்வி பற்றி வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருந்தது, ஒரு நாள் முழுக்க இருந்தது, ஒருவருடைய கோட்டுக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஒன்று புரிந்துவிட்டது. நீ சிரித்தபோது தோற்றது உனக்குத் தெரியும். இனி ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் அந்த முகம் வந்தது. அதைப் பார்த்தபோது பதினோராம் இடம் என்று தெரியாமல் எனக்கு வந்த சந்தோஷமும் நிஜச் சந்தோஷம்தான், முடிவு தெரிந்த பிறகும் அதை யாரும் வந்து திரும்பக் கேட்கவில்லை.

அதனால் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நிறுத்து. பயிற்சியாளரம்மா இன்னும் ஒரே ஒரு சீசன் என்பாள், நல்ல மனுஷி, உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், ஆனால் மூன்று வருஷமாக அவள் அந்த ஒரே ஒரு சீசனைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கே இன்னும் ஆசை இருந்தால் அது வேறு, அறுவை சிகிச்சை செய்துகொள், நான் கிளம்பி வந்து பக்கத்தில் இருக்கிறேன், அடுத்த உடையும் தைத்துத் தருகிறேன், இந்தத் தடவை பச்சை. ஆனால் நாங்கள் ஏமாந்து போவோம் என்பதற்காக ஆடாதே. உன் கால் கண்ணாடிப் பாத்திரம் இல்லைதான், அதற்காக எத்தனை தடவை ஒட்டவைப்பது. உனக்கு இருபத்தாறு வயதாகிறது, அறுபது வயதிலும் மாடிப்படி ஏற அந்தக் கணுக்கால் வேண்டும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது கௌரவக் குறைவு என்று ஒரு நிமிஷம் கூட நினைக்காதே, கைப்பிடியை விடாமல் அழுகிற குழந்தைகளை என்ன செய்ய வேண்டும் என்று உன்னை விட யாருக்குத் தெரியும்.

அப்பாவைப் பற்றித்தான் நீ கவலைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும், நீ போனில் என்னிடம் கேட்டாலும் கேள்வி அவருக்குத்தான். மறைக்காமல் சொல்கிறேன், அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸைக் கழுவிவிட்டு வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, அவ நிறுத்திட்டா என்னை யாருன்னு சொல்வாங்க என்று கேட்டார். டிரைவர்னு சொல்லுவாங்க, முப்பது வருஷமா அதுதானே வேலை என்றேன். அதற்கு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பதக்கம் இல்லை என்ற திருத்தத்தைச் சொல்ல டிப்போவுக்கும் அவரே போனார். கண்ட்ரோலர், திருத்தம் அறிவிக்க மேலிடத்து அனுமதி வேணும் என்று சொல்லிவிட்டாராம். ஆகவே நம் ஊரில் ஒரு வழித்தடம் முழுக்க நீ இன்றைக்கும் பதக்கம் வாங்கியவள்தான், நீ வந்தால் அந்த பஸ்ஸில் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, பழைய ஸ்கேட்டை ஈரத்தோடு பைக்குள் போடாதே, துரு பிடிக்கும். பயிற்சியாளரம்மாவிடம் நேரில் போய்ச் சொல், போனில் சொல்லாதே, அவளும் இருபது பேரைப் பிள்ளையாக வளர்த்தவள். மாதக் கடைசி என்பதை மறந்துவிடாதே. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நீ நல்லபடியாக, நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசி.

என்றும் உன்,
அம்மா

கீழே அப்பா எழுதுகிறார். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார், நான் எழுதியதைப் படிக்கவும் இல்லை.

மகளுக்கு அப்பாவின் ஆசி. நீ போட்டியை நிறுத்திவிட்டால் நான் இனிமேல் எதைப் பார்ப்பது என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவளைப் பாருங்கள் என்றாள். சரி என்றேன்.