படகில் உறங்கிய மூன்று பெண்கள் சார்பாக

அனுப்புநர்
த. ஷீலா (வயது 56),
ஞானமணி நகர் இரண்டாவது தெரு,
பொழிச்சலூர், சென்னை 600 074.
உடன் கையொப்பமிடுவோர்: ஜஹீரா பேகம், பல்லாவரம், மு. எல்லம்மா, வண்டலூர்.

பெறுநர்
மாவட்டச் சுற்றுலா அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம்,
விழுப்புரம்.

பொருள்: வெள்ளைத்திட்டு தீவு விடுதியில் எங்கள் மூவருக்கும் தங்க இடம் மறுக்கப்பட்டது – எங்களைப் படகில் ஏற்றிச் சென்ற திரு. ஆபேல் மீது விடுதி நிர்வாகம் புகார் அளித்துள்ளது – நடந்ததைத் தெரிவித்து நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. விடுதி நிர்வாகம் எனக்கு அனுப்பிய கடிதம், நாள் 25.08.2025.
2. திரு. ஆபேலுக்கு வந்த விசாரணை அறிவிப்பு, நாள் 02.09.2025.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நாங்கள் மூவரும் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் உள்ள ஒரு தையல் நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே வரிசையில் வேலை பார்க்கிறோம். வெளிநாட்டுக்கு நீச்சல் உடை தைப்பது எங்கள் வேலை. எல்லம்மா எலாஸ்டிக் வைத்துத் தைப்பார். ஜஹீரா லேபிள் தைப்பார். நான் தரப் பரிசோதகர். முடிந்த உடையை இழுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அனுப்புவேன். ஒரு நாளைக்கு நானூறு உடைகளாவது என் கையைக் கடந்து எங்கோ ஒரு கடலுக்குப் போகின்றன. நாங்களோ கடலோரத்தில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. கோவளத்துக்கும் மெரினாவுக்கும் போயிருக்கிறோம். பொழுது சாய்வதற்குள் பேருந்து பிடித்துவிடுவோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்து எழுதுவது தங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. என் மகள் ஓவியா மறைமலை நகரில் பொறியாளராக இருக்கிறாள். சென்ற கிறிஸ்துமசுக்கு அவள் எனக்கு வெள்ளைத்திட்டு விடுதியின் டைம்ஷேர் பத்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். மரக்காணத்துக்குத் தெற்கே கழிமுகத்தில் உள்ள சிறு தீவு அது. பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் மூன்று இரவுகள், ஏழாம் எண் அறை என்னுடையது. உறுப்பினரும் அவர் அழைத்து வரும் மூவரும் தங்கலாம் என்று பத்திரத்தில் உள்ளது (நகல் இணைப்பு 1). பத்திரத்தைக் கையில் கொடுத்தபோது என் மகள் சொன்னது: "அப்பாவோட போனா நீ அங்கயும் எதையாவது எடுத்து வச்சுக்கிட்டே இருப்பம்மா. உன் ஃப்ரெண்ட்ஸோட போ." என் கணவர் அருகிலேயே இருந்தார். அவருக்குப் படகைக் கண்டாலே தலை சுற்றும் என்பதால் மகிழ்ச்சியுடன் சம்மதித்தார்.

3. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நாங்கள் அந்த மூன்று நாட்களைத் திட்டமிட்டோம். தேநீர் இடைவேளை பத்து நிமிடம். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நாற்பது பக்க நோட்டு ஒன்றும் போட்டோம். முதல் நாள் என்ற தலைப்பின் கீழ் எல்லம்மா எழுதச் சொன்னது ஒரே வரி: ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் நாளுக்கும் அதையே எழுதலாம் என்றார். ஜஹீரா, தேநீரை ஆறும் வரை வைத்திருந்து, ஆறிய பிறகு இன்னொன்று கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்கு மேலே சில நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் அது போகும் வரை வாயை மூடிக் காத்திருப்பார்கள். விமானம் இல்லாத வானத்தின் கீழே ஒரு வாக்கியத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்று என் பெயருக்கு நேராக எழுதினேன்.

விடுதியின் விளம்பரத் தாளில் ஏழாம் எண் அறையின் படம் இருந்தது. வெள்ளைத் திரை, சவுக்கு மரங்கள், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஊஞ்சல் வலை, அதற்கப்பால் தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டின்போது அந்தத் தாளை டிபன் பாக்ஸ் மூடிமேல் சாய்த்து வைப்போம். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், வலையில் யார் முதலில் படுப்பது, வெயில் எத்தனை மணிக்குக் கட்டிலைத் தொடும் என்றெல்லாம் பேசுவோம். எந்திரங்கள் நின்றிருக்கும் அந்த அரை மணி நேரத்தில், விசிறிச் சத்தம் எங்களுக்கு அலைச் சத்தமாகவே கேட்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் எல்லம்மா, "நாம தெச்சத நாமளே போட்டுக்கினு தண்ணில எறங்கலாமா?" என்று கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. சுடிதாருடன் இறங்குவது என்று முடிவாயிற்று. ஜூலை மாதம் மூன்று ஷிப்ட் கூடுதல் வேலை வந்தபோதும் நாங்கள் முகம் சுளிக்காததைக் கண்டு மேற்பார்வையாளரே காரணம் கேட்டார்.

4. மே மாதம் முன்பதிவுக்காகத் தொலைபேசியில் பேசினேன். விக்கி என்று தன் பெயரைச் சொன்ன இளைஞர் மரியாதையாகவே பேசினார். அவர் சொற்களை அப்படியே எழுதுகிறேன். "ஜென்ட்ஸ் யாரும் வரலையா மேடம்? லேடீஸ் மட்டும்னா கஷ்டம் மேடம். சேஃப்டி பாலிசி." பத்திரத்தில் இது எந்தப் பக்கத்தில் உள்ளது என்று கேட்டேன். "பேப்பர்ல இருக்காது மேடம். மேனேஜ்மென்ட் பாலிசி. ஹஸ்பண்ட், பிரதர், யாராச்சும் ஒருத்தர் பேரு குடுங்க, நான் கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

அப்போதே நான் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. மூவரும் பேசி, எல்லம்மாவின் தம்பி ஜெயவேலுவின் பெயரைக் கொடுத்தோம். அவர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். வராந்தாவில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வதாகவும், எங்கள் பேச்சில் தலையிடுவதில்லை என்றும் உறுதி கூறினார். தரமில்லாத ஒரு தையலைப் பார்த்தும் பார்க்காததுபோல் அனுப்பிவிட்ட உறுத்தல் எனக்கு அன்றிலிருந்தே இருந்தது.

5. ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் திண்டிவனம் பேருந்து அருகே நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தபோது ஜெயவேலுவின் அழைப்பு வந்தது. "அக்கா, வேற டிரைவர் வர்லியாம், என்னப் போட்டுட்டாங்க. நீங்க போய்க்கினே இருங்க, நான் சாய்ங்காலம் வந்துடறேன்." சென்றோம். மரக்காணத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, பதினொரு மணிக்கு விடுதியின் படகுத்துறையை அடைந்தோம். எதிரே, எட்டிவிடும் தூரத்தில், தீவு பச்சையாகக் கிடந்தது. விளம்பரத் தாளில் இருந்ததைவிடச் சிறியது, அதைவிட அழகு.

6. கரையில் உள்ள பதிவு மேசையில் என் பத்திரத்தையும் எங்கள் ஆதார் அட்டைகளையும் காட்டினேன். "சார் எங்க?" என்று கேட்டார்கள். மாலையில் வருவார் என்றோம். "அப்ப சாயங்காலம் சாரோட சேர்ந்து வாங்க" என்றார்கள். அறை தயாராக உள்ளதா என்று கேட்டேன்; தயாராக உள்ளது என்றார்கள். மேலாளருடன் பேசவேண்டும் என்றேன். அவர் தீவிலிருந்து தொலைபேசியில், எங்கள் பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்றார்.

பகல் இரண்டு மணி வரை தகரக் கொட்டகையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் படகு ஆறு முறை போய் வந்தது. பன்னிரண்டரை மணிக்கு, பனிக்கட்டிப் பெட்டியுடன் வந்த ஆண்கள் நால்வர், தங்களுடன் பெண் எவரும் இல்லாமலேயே, ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் ஏறிச் சென்றனர். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

7. படகோட்டி திரு. ஆபேல் அந்தப் பகுதிக்காரர். படகு அவருக்குச் சொந்தம். விடுதிக்காக ஒப்பந்தத்தில் ஓட்டினார். ஆறாவது முறை திரும்பி வந்தபோது எங்களைப் பார்த்து, "ஏன் அக்கா, நீங்க ஏறலையா?" என்று கேட்டார். எல்லம்மா பதில் சொன்னார்: "எங்களோட ஆம்பள இல்லியாம்பா. அதான் எடம் இல்லியாம்." அதற்கு அவர், "இனிமே நாலரைக்குத்தான் எனக்கு டிரிப். படகு என்னுது. தீவுல எறக்க எனக்கு உரிமை இல்ல, அக்கா. சுத்திக் காட்டிட்டு வரேன், வாங்க" என்றார். கட்டணம் கேட்கவில்லை, நாங்கள் நீட்டியபோதும் வாங்கவில்லை. எங்கள் மூவருக்கும் உயிர்க்காப்பு உடை அணிவித்தார். அதன் பட்டைகளின் தையல்களை நானே இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

8. இனி எழுதுவது விசாரணைக்கு முக்கியமானது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

படகு தீவைச் சுற்றி மெதுவாகச் சென்றது. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால், அடியில் கிடந்த மணலின் வரிகள் தெரிந்தன. ஒரு நீண்ட பட்டுத் துணியை யாரோ மடித்து வைத்ததுபோல. அலையாத்திச் செடிகளின்மேல் வெள்ளைக் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. சவுக்கு மரங்களுக்கிடையே ஏழாம் எண் அறையைப் பார்த்தோம். திரை வெளியே வந்து வந்து உள்ளே போயிற்று. பின்புறம் நிழல் விழும் ஓர் இடத்தில் ஆபேல் எந்திரத்தை நிறுத்தினார்.

சத்தம் என்ற ஒன்று அப்படியே அற்றுப்போனது. அய்யா, எங்கள் வரிசையில் நாற்பத்திரண்டு தையல் எந்திரங்கள். அதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர்களுக்கு அந்த அமைதி காதில் கேட்கும். தண்ணீர் படகின் விலாவைத் தட்டுவது மட்டும், தொட்டிலை ஆட்டும் கைபோல, வந்துகொண்டிருந்தது. முதலில் எல்லம்மா சாய்ந்தார். பிறகு ஜஹீரா என் தோளில். கடைசியாக நான் பார்த்தது, மேகம் ஒன்று படகுக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டதை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

நாங்கள் ஒரு மணி பத்து நிமிடம் உறங்கியிருக்கிறோம். ஆபேல் படகின் பின் முனையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் ஒருமுறை கண் விழித்தபோது, தூரத்தில் வந்த மீன்பிடிப் படகுக்கு, எந்திரத்தைக் குறைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அவர்களும் குறைத்துக்கொண்டு போனார்கள். எல்லம்மா விழித்ததும், "இன்னாபா, ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?" என்றார். ஜஹீரா கண்ணைத் திறக்காமலேயே, "இன்னும் பத்து நிமிஷம், ஷீலா" என்றார். "தூங்குங்க அக்கா, நேரம் இருக்கு" என்று ஆபேல் சொன்னார்.

நடந்தது இவ்வளவே.

9. நான்கரைக்கு முன் கரை திரும்பினோம். ஜெயவேலுவுக்கு இரண்டாவது ஷிப்டும் போட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. எங்களுக்கு அறை தர இயலாது என்று மேலாளர் முடிவாகக் கூறினார். அன்றே பேருந்து ஏறினோம். மறுநாள் சனிக்கிழமை எங்களுக்கு விடுப்பு. ஆனாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலேயே மூவரும் வேலைக்கு வந்துவிட்டோம். எப்படி இருந்தது என்று வரிசையில் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றோம். அது பொய்யில்லை.

10. பார்வை 1இல் கண்ட கடிதத்தில், நாங்கள் அனுமதியின்றித் தீவு எல்லைக்குள் நுழைந்ததாகவும், படகில் "முறையற்ற விதத்தில்" நடந்துகொண்டதாகவும், என் உறுப்பினர் உரிமை மறுபரிசீலனையில் உள்ளதாகவும் விடுதியார் எழுதியுள்ளனர். ஆதாரமாக, தீவிலிருந்து செல்பேசியில் எடுத்த படம் ஒன்றை இணைத்துள்ளனர். அதில் எல்லம்மாவின் வாய் திறந்திருக்கிறது. ஜஹீராவின் செருப்பு கழன்று கிடக்கிறது. என் கை ஒன்று படகுக்கு வெளியே தொங்குகிறது; விரல் தண்ணீரில் படுகிறது. அந்தப் படம் உண்மையானது. நாங்கள் மறுக்கவில்லை. முறையற்றது எது என்பதை மட்டும் சுட்டிக்காட்டக் கோருகிறோம்.

இதைவிட எங்களை வருத்துவது, திரு. ஆபேலுக்கு நேர்ந்தது. அவருடைய படகுத்துறை அடையாள அட்டையை விடுதியார் பறித்துக்கொண்டு, அய்யா, தங்கள் சுற்றுலா அலுவலகத்திலும் அவர்மீது புகார் அளித்துள்ளனர். அவர் இதை எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை. அன்று அவர் கொடுத்த எண்ணில் நான் அழைத்தபோது, அவருடைய மனைவிதான் எடுத்துச் சொன்னார்: "உங்ககிட்ட சொல்லாதன்னாரு அக்கா. ஐஸ் கம்பெனிக்கு மூட்டை தூக்கப் போறாரு. நீங்க தூங்குனதுக்கா இவ்வளவு?" அன்றிரவே இம்மனுவை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் பாதுகாப்புக்காக என்று எல்லோரும் சொன்ன அந்த நாளில், எங்களைப் பாதுகாத்தவர் திரு. ஆபேல் ஒருவரே. மூன்று அந்நியப் பெண்கள் அச்சமின்றித் தூங்கும்படி அவர் நடந்துகொண்டார். எங்கள் வீடுகளில்கூடப் பகலில் நாங்கள் அப்படித் தூங்கியதில்லை.

11. ஆகவே தாங்கள்,

அ) திரு. ஆபேல் மீதான புகாரைத் தள்ளுபடி செய்து, அவருடைய அடையாள அட்டை உடனே திரும்பக் கிடைக்க ஆவன செய்யுமாறும்;

ஆ) ஆண் துணை இல்லாத பெண்களுக்கு அறை இல்லை என்ற விதி இருக்குமானால், அதை எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு விடுதியாருக்கு உத்தரவிடுமாறும், எழுதித் தர இயலாத விதியை நீக்கச் செய்யுமாறும்;

இ) இந்த ஆண்டுக்குரிய எங்கள் மூன்று இரவுகளை, மழைக்காலம் முடிந்து ஜனவரியில், அதே ஏழாம் எண் அறையில் பெற்றுத் தருமாறும்

பணிவுடன் வேண்டுகிறோம். பணத்தைத் திருப்பித் தர விடுதியார் முன்வந்தால் நாங்கள் ஏற்கமாட்டோம். எங்களுக்கு வேண்டியது அந்த இடம்.

பார்வை 2இல் கண்டபடி 12.09.2025 வெள்ளிக்கிழமை நடைபெறும் விசாரணைக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. இருந்தாலும் சாட்சி சொல்வதற்காக மூவரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம். காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலக வாசலில் இருப்போம். எங்களுடன் ஆண் எவரும் வரமாட்டார். எங்களை உள்ளே அனுமதித்து, நாங்கள் சொல்வதைக் கேட்டருளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: பொழிச்சலூர்
நாள்: 08.09.2025

தங்கள் நீதியை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) த. ஷீலா
(ஒப்பம்) ஜஹீரா பேகம்
(ஒப்பம்) மு. எல்லம்மா

இணைப்பு: 1. டைம்ஷேர் பத்திர நகல். 2. விடுதியார் கடித நகல், புகைப்படத்துடன். 3. மூவரின் ஆதார் நகல்.