சூளைச் சூட்டின் மேல் நான் போட்ட பழி

அன்புள்ள ஜைபுன்,

நீயும் நானும் நடுச்சுவருக்காகப் பேச்சை நிறுத்தினோம் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. சுவர் விஷயத்தில் நமக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. சண்டை மிளகாயால் வந்தது. தொடங்கியவள் நான்.

லாரி ஓட்டும் உன் தம்பி முதன்முதலில் அஸ்ஸாமிலிருந்து அந்தப் பழங்களைக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? தோல் சுருங்கிய சிவப்புப் பழம். பாதியைக் குழம்பில் போட்டதற்கே என் வீட்டுக்காரர் ஒரு சொம்பு மோர் குடித்தார். "பாயம்மா, இது மிளகாயா, வெடிமருந்தா?" என்று சுவருக்கு மேலாக உன்னைக் கேட்டுச் சிரித்தார். அந்த வருடமே அவர் போய்விட்டார்.

அந்த விதை குளிரில் முளைக்காது. நீதான் ஈரத்துணியில் முடிந்து உன் வீட்டுக்காரர் காதர் பாயிடம் கொடுத்தனுப்பினாய். அவர் வேலை பார்க்கும் பீங்கான் சூளையின் வெளிச்சுவர் ஓரம் வைத்து, முளைவிட்டதும் கொண்டுவந்தார். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகளில் நட்டோம். "ஓட்டை ஜாடிதான்க்கா நல்லது, தண்ணி நிக்காது" என்றாய். உச்சி வெயிலுக்கு என் பழைய புடவையைக் கட்டி நிழல் கொடுத்தோம்.

ஐப்பசி மழையில் உன் செடிகள் அழுகின. தையில் என் செடியின் விதையைக் கொடுத்தேன்; அதையும் காதர் பாய்தான் சூளையோரம் வைத்து முளைக்கவைத்தார். அது காய்த்தபோது, "காரமே இல்லீங்கக்கா. புள்ளைங்க கடிச்சிட்டு வெளையாடப் போவுதுங்க" என்றாய். என் விதையில் குறையா? "உன் வூட்டுக்காரரு சூளையில வச்சு வேகவச்சிட்டாரு" என்றேன். குழாயடியில், நாலு பேர் முன்னால். காதர் பாயும் அங்கே நின்றிருந்தார்.

எட்டு மாதம் நாம் பேசவில்லை. ஒன்பதாம் மாதம் உன்னைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப் போனார்கள்.

மீதி விதையை இந்த வருடம் நானே போட்டேன். சூளைப் பக்கமே போகவில்லை. என் சமையலறை மேடையில், அடுப்புச் சூட்டில் முளைத்தது. அதிலும் காரமில்லை. நாற்றுக்காரர் வந்து பார்த்தார். "பக்கத்துல பஜ்ஜி மிளகா வச்சிருந்தீங்களாம்மா? தேனீ மகரந்தத்தக் கலந்து வுட்டிருக்கும், அந்த வெதையில காரம் போயிடும்."

வைத்திருந்தேன். இரண்டு வரிசை.

நான் படித்த கான்வென்ட்டில் தவறு செய்தால் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். காதர் பாய் எந்த விதையையும் வேகவைக்கவில்லை.

போன வாரம் உன் தம்பி நான்கு அஸ்ஸாம் பழங்களைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். நீ சொல்லி வைத்திருந்தாயா? விதையை உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை என் தோட்டத்தில் பஜ்ஜி மிளகாய் இருக்காது. முதல் பழம் உன் வீட்டு அடுப்புக்குத்தான். இது என் வாக்கு.

காதர் பாய், இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த விதையைத் தையில் சூளையோரம் வைத்துத் தருவீர்களா? வைப்பேன், மாட்டேன், எதுவானாலும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

சுவருக்கு இந்தப் பக்கத்து அக்கா,
விசாலாட்சி