கட்டாயம் பார்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது, பதில்தான் வந்தபாடில்லை.

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எழுதிக் கேட்டால், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டுவிட்டுக் கூடவே ஒரு வீடியோ. பியானோ மேல் நடக்கும் பூனை, கட்டாயம் பார். தர்பூசணியில் ஆமை செதுக்குகிறவர், கட்டாயம் பார். நேற்று ஒரே நாளில் பதினேழு. மூன்று வாரமாக இதே கூத்து. நான் கட்டிக்கொண்டது தச்சரையா, டிவி சேனலையா?

எனக்கென்ன வேலையில்லையா? சலவைக்கூடத்தில் நாளுக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறேன். இஸ்திரி யந்திரத்தில் ஒரு உருளை மக்கர் பண்ணுகிறது. மேற்பார்வையாளரிடம் சொன்னால், அவர் யந்திரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து முறைக்கிறார். நடுவில் பைக்குள் போன் டிங் டிங் என்கிறது. என்ன அவசரமோ என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தால், ஒரு வாத்து குடை பிடித்துக்கொண்டு போகிறது. வாத்தைத் திட்டி என்ன பயன், உங்களைத்தான் திட்டினேன். சிரித்தும் தொலைத்தேன், அது வேறு விஷயம்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. இதையெல்லாம் நான் எந்த வாத்திடம் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் ஒன்று அனுப்பினீர்களே, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக்கி ஒரு சின்ன வண்டி தானாக ஓடுவதுபோல. காலி மாத்திரை அட்டைதான் சாலை, பஞ்சுதான் மரம். யாரோ ஒரு கெட்டிக்காரன் செய்தது, கட்டாயம் பார் என்று எழுதியிருந்தீர்கள். குட்டி பத்துத் தடவை பார்த்தாள். பதினோராவது தடவை, "அம்மா, இது அப்பா கைம்மா" என்றாள். போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். அவள் நிறுத்திக் காட்டினாள். ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்க்கும்போது, ஒரே ஒரு படத்தில் கையை எடுக்க மறந்துவிட்டீர்கள். கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்த இடது கை. உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது அந்த நகம்?

உளி பிடிக்க, காது குடைய, எல்லாவற்றுக்கும் வலது கையை நீட்டுகிற மனுஷன் இடது கையால் ஏன் வண்டி தள்ள வேண்டும்? வலது கையில் போன் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் வண்டிக்கு அடியில் இருந்த விரிப்பைப் பார்த்தேன். பதினோரு வருடமாக விரிப்பு மடிக்கிறவளிடம் இதைக் காட்டலாமா? ஓரத்தில் நீல எண் குத்தி, மூலையைக் கடித உறை மாதிரி மடித்துச் செருகியிருக்கிறது. நீல எண்ணும் அந்தச் செருகலும் சேர்ந்திருந்தால் அது ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

அங்கே உங்களோடு பட்டறையில் வேலை செய்கிறவர் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். "நல்லாத்தான் இருக்காரும்மா, வீடியோல்லாம் அனுப்புறாரில்ல" என்று சொல்லிவிட்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்துக்கு மஞ்சள் மூஞ்சி போட்டுத் தப்பிக்க முடியாது பாருங்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அறுப்பு யந்திரமா? என்றைக்கு? எவ்வளவு? நான் அழுவேன் என்றுதானே மறைத்தீர்கள்? அழுதாகிவிட்டது, போதுமா. குட்டிக்கு அது அப்பா கை என்பது மட்டும்தான் தெரியும். எங்கப்பா வீடியோ பண்றாரு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. படுத்த இடத்தில் ஒற்றைக் கையால் அதைச் செய்தவர் இனியும் எவ்வளவோ செய்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூனை, வாத்து எல்லாம் போதும். ஒரே ஒரு வீடியோ அனுப்புங்கள். வலது கையை வெளிச்சத்தில் நீட்டிக் காட்டுங்கள். கட்டுப் போட்டிருந்தால் கட்டோடு. எத்தனை விரல் மீதி இருந்தாலும் சரி, நான் கட்டாயம் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனைவி