மூன்றாம் வளைவில் விழுந்தவள்

செப்டம்பர் 3, புதன்

சனிக்கிழமைத் தேர்வுக்கு மூன்று பேர். மலையில் நடைக்குழுக்களை வழிநடத்தச் சான்றிதழ் வேண்டுமாம். ஒரு பல் டாக்டர், உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவன், ஒரு தையல்காரி. இவர்களை நம்பிப் பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்ப வேண்டும்!

இன்று வகுப்பில் வரைபடம் வாசிக்கச் சொன்னேன். கோடுகள் நெருக்கியடிக்கும் இடத்தைக் காட்டி, "இங்க ஏத்தம் ஈஸி" என்றார் பல் டாக்டர். அது செங்குத்துப் பாறை. சொன்னேன். "ஃபோன்ல வேற மாதிரி காட்டுது மேடம்." அப்படியானால் ஃபோன் மேலேயே ஏறி நடக்கட்டும்.

உடற்பயிற்சிக்காரனுக்கு நடக்கத் தெரிகிறது, திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. போன வாரப் பயிற்சியில் தன் குழுவை அரை கிலோமீட்டர் பின்னால் விட்டுவிட்டு, மேலே நின்று தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தையல்காரிக்கு இது மூன்றாவது முறை. நான்காவதற்கு விதியில் இடமில்லை. முந்தைய இரண்டு முறையும் தோற்கடித்தவள் நான்தான். திசைகாட்டியைக் கரண்டி மாதிரி பிடிக்கிறாள். வாய் ஓய்வதே இல்லை. "ஷூ கடிக்குதா? தலை வலிக்குதா?" மலையா இது, பிரசவ வார்டா? கண் மங்குகிறதாம், இனி ஊசியில் நூல் கோக்க முடியாதாம். சான்றிதழ் இருந்தால் நடைப்பயண நிறுவனம் ஒன்று நிரந்தர வேலை தருமாம். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

செப்டம்பர் 5

மகன் பேசினான். "எழுபத்திரண்டு வயசுல இன்னும் என்னம்மா மலை?" இரண்டாவது மாடிக்கு லிஃப்ட் தேடுகிறவன். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 6

எழுதத் தெம்பில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

தேர்வு நாளில் மதிப்பீட்டாளர்களில் ஒருவர் குழுவோடு சாதாரண ஆள் போல நடப்பது வழக்கம். முன்பே பேசி வைத்த இடத்தில் அடிபட்டதாக நடிப்போம். வழிநடத்துபவர் என்ன செய்கிறார் என்பதற்கு மதிப்பெண். நேற்று நடிக்கும் முறை எனக்கு. நான்காவது வளைவில் வலது கணுக்கால் பிசக வேண்டும்.

மூன்றாவது வளைவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ தாறுமாறாகத் துள்ளியது. கண் இருட்டியது. அப்படியும் "கால்! கால்!" என்றுதான் கத்தினேன். ஏன்? பத்தொன்பது வருடம் மற்றவர்களை மதிப்பிட்டவள் ஒரு வளைவில் மயங்கி விழுவாளா? அதனால்தான்.

அந்த நேரம் வழிநடத்திக்கொண்டிருந்தவள் தையல்காரி. காலைத் தொட்டாள், உடனே விட்டாள். என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, கால் கிடக்கட்டும். நெஞ்சு எப்படி இருக்கு?"

"கால்தான்னு சொல்றேன்ல!"

"நீங்க நல்லா நடிப்பீங்க. ரெண்டு தடவை பார்த்திருக்கேன். இந்தக் குளிர் வேர்வையை யாராலயும் நடிக்க முடியாதும்மா."

பல் டாக்டர் சிரித்தார். "அக்கா, இது எக்ஸாம். ஒரு கட்டு போட்டுட்டு உச்சிக்குப் போயிடலாம். பாதியில திரும்பினா உங்க மார்க் போச்சு."

டாக்டர்! ஒருவேளை நான் வாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும்.

"போனா போகட்டும். எல்லாரும் இறங்குங்க," என்றாள். என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வழியெல்லாம் பேச்சு. கண்ணை மூடினால் கன்னத்தில் தட்டினாள். என் கன்னத்தில்!

கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் முன்னாள் ராணுவத்தார்தான் இன்னொரு மதிப்பீட்டாளர். தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தவர், கீழே வந்ததும் கைதட்டினார். "என்னமா நடிச்சீங்க மேடம்! அந்தம்மா நிஜம்னே நம்பிட்டாங்க." தாளில் எழுதினார்: தேவையின்றிப் பாதையைக் கைவிட்டார். தோல்வி. என் கையெழுத்தும் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

தையல்காரி என்னைப் பார்த்தாள். நான் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9

இதய மருத்துவர், என் மகனைவிடச் சின்னப் பையன். துடிப்பு ஒழுங்காக இல்லையாம். மாத்திரை, ஓய்வு. ஆறு மாதம் கழித்துச் சமதளத்தில் நடக்கலாம், அதுவும் துணையோடு.

"யாரு உங்களைக் கீழ இறக்கினது? இன்னும் அரை மணி நேரம் ஏறியிருந்தா நாம பேசிட்டு இருக்க மாட்டோம்."

"ஒரு தையல்காரி" என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்.

செப்டம்பர் 10

விதி எனக்குத் தெரியும். சான்றிதழ் கொடுக்கும் கமிட்டிக்கு அதை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி: பணியின்போது மலையில் உடல்நலம் குன்றிய மதிப்பீட்டாளர் விலக வேண்டும். உண்மையைச் சொன்னால் அவள் தேறுவாள், நான் வீட்டில் உட்காருவேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். அவளை யார் நம்பப் போகிறார்கள்?

அவளைத் தோற்கடிக்க நியாயமான காரணம் நூறு சொல்வேன். இது அந்த நூறில் சேராது.

கான்வென்ட்டில் ஒன்பது வயதில், கணக்குத் தாளில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியதை நானே போய் சிஸ்டரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். முட்டி போட வைத்தார். சரியான பெண்மணி.

செப்டம்பர் 12, வெள்ளி

கேப்டன் வழியாகக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். நான்கு வரி. "நான் நடிக்கவில்லை. அவர் கண்டுகொண்டார். திரும்பியது சரி. தேர்ச்சி அளிக்க வேண்டும்."

கேப்டன் ஃபோன். "மேடம், யோசிச்சுத்தான் செய்றீங்களா? இந்த லெட்டர் போச்சுன்னா நீங்க திரும்ப வரவே முடியாது."

"விதியை எனக்கே வாசிச்சுக் காட்டாதீங்க."

பிறகு சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. என் கணவர் இருந்திருந்தால் வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல் பார்த்திருப்பார்.

செப்டம்பர் 20

கமிட்டியிடமிருந்து நன்றிக் கடிதம். ஆறு வரியில் மூன்று எழுத்துப் பிழை. பல் டாக்டரும் தேறிவிட்டாராம். அவரை மலை பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 14, சனி

ஏரியைச் சுற்றி நடை. சமதளம்தான், டாக்டர் அனுமதித்த அளவு. நிறுவனத்தின் குழு, பதினோரு பேர், வழிநடத்தியவள் தையல்காரி. அது தெரிந்துதான் பெயர் கொடுத்தேன்.

கிளம்பும்முன் எல்லோரையும் வரிசைப்படுத்தினாள். "அம்மா, நீங்க எனக்கு அடுத்து வாங்க."

குழுவிலேயே மெதுவாக நடப்பவரைத்தான் தலைவருக்கு அடுத்து நிறுத்த வேண்டும். அவர் வேகம்தான் குழுவின் வேகம். பயிற்சிக் கையேட்டில் அந்த வரியை எழுதியவள் நான். அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. போய் நின்றேன்.

முதல் பத்து நிமிடம் அவள் வேகம் அதிகம். எப்போதுமே அவளிடம் உள்ள குறை அது. சொல்லாமல் நடந்து பார்த்தேன். முடியவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே வேகத்தைக் குறைத்தாள்.