பிளாட்டேயாவில் ரொட்டி சுட்டவர்கள்

பெப்ரவரி 8, ஞாயிறு

மைனஸ் பதினெட்டு. வாசற்படி ஐஸ் கரைய உப்புத் தூவ வேண்டும். தூவவில்லை.

மாமாவின், இவருடைய அப்பாவின், காடாத்து நேற்று முடிந்தது, சாம்பலும் அள்ளியாயிற்று. அவர் போய்விட்டார், வந்தவர்கள்தான் போகவில்லை. வில்லரேயிலிருந்து ஒரு வான், லாவாலிலிருந்து இரண்டு கார். ஊர்க்கோடியான இந்தக் கர்க்லாண்டில் வீடு வாங்கினால் நாய்கூட எட்டிப் பாராது என்று அன்றைக்குச் சொன்ன அதே ஆட்கள். வாசலில் பனிச்சப்பாத்துகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் ஈரம்.

இதை எழுதுவது கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில், உலர்த்தும் மெஷின்மேல் குந்தியிருந்து. நல்ல சூடு. யாராவது கூப்பிட்டாலும் கேளாது. கேட்டாலும் கேளாது.

வியாழன் காலை பதினொரு மணிக்கு டவுன்டவுனில் என் வாய்மொழித் தேர்வு. பத்து வருடமாக இழுபடுகிற முனைவர் பட்ட ஆய்வு. முதல் தடவை நாள் குறித்தபோது மகள் மதுவுக்கு அப்பெண்டிக்ஸ். இரண்டாம் தடவை மாமா குளியலறையில் விழுந்தார். இரண்டு முறையும் தள்ளிப் போட்டேன். இனித் தவணை இல்லை, வராவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. நல்லவேளை, எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல், சனிக்கிழமை. வியாழன் எனக்கு.

மாமாவின் கதிரையில் யாரோ ஒரு குழந்தை நித்திரை. ஹொக்கி பார்த்து ரிவியைத் திட்டுகிற மனுசன். உப்பில்லாத சூப்பை நீட்டினால் என்னையும் திட்டுவார். அந்தத் திட்டு இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது. அழுகை வரவில்லை. வந்தாலும் அழ ஒரு மூலை இல்லை.

பெப்ரவரி 9, திங்கள்

வானம் மூடம். பால் நாலு பை, கடதாசிக் கோப்பை, தேயிலை, குப்பைப் பை, மதுவின் பள்ளிக்கூடத்துக்கு போன்.

பெரிய மச்சாள், இவருடைய அக்கா, டொரோண்டோவிலிருந்து வந்தவர், காலைத் தேத்தண்ணியோடு அறிவித்தார்: "குருக்களுக்குச் சனிக்கிழமை ஒட்டாவாவில வேற ஒரு செத்த வீடாம். எட்டுச் செலவை வியாழனுக்கு மாத்திட்டன். பிந்தத்தான் கூடாது, முந்தலாமாம்."

"மச்சாள், வியாழன் எனக்குச் சோதனை."

"இந்த வயசில என்ன சோதனை? அதைப் பேந்து வைக்கலாம்தானே. அப்பாவுக்கு இன்னொரு எட்டு வருமோ?"

விடியவே தொடங்கி மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைக்க வேண்டும், அதுவும் மருமகளின் கையால். மச்சாளுக்கு முழங்கால் நோ, அடுப்படியில் நிற்க மாட்டார்.

இவரிடம் சொன்னேன். "நீர் யோசியாதையும், அக்காவோட நான் கதைக்கிறன்." கதைத்தார். காரின் ரயரைப் பற்றிக் கதைத்தார்.

வியாழன் சொல்ல வேண்டிய ஆரம்ப உரை. தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்தால் தெளிவு வரும்:

பிளாட்டேயா, பழைய கிரேக்கத்தில் ஒரு சின்ன நகரம். பக்கத்தில் தீப்ஸ், பெரிய பகை. தூரத்தில் ஏதென்ஸ், நல்ல சிநேகிதம், ஆபத்தில் வந்து சேராத சிநேகிதம். ஸ்பார்ட்டாக்காரர் வந்து ஊரைச் சுற்றி மதில் கட்டி அடைத்தார்கள். அதற்கு முன்பே கிழடுகளையும் குழந்தைகளையும் பெண்களையும் ஏதென்ஸுக்கு அனுப்பியாயிற்று. உள்ளே நானூற்றெண்பது ஆண்கள். அவர்களுக்கு ரொட்டி சுட நூற்றுப் பத்துப் பெண்கள்.

ஒரு மாரிகால இரவு, காற்றும் மழையும் பனியுமாக இருந்த நேரம், ஆண்களில் பாதிப்பேர் ஏணி வைத்து மதிலைத் தாண்டித் தப்பினார்கள். மதிலின் கல் வரிசைகளைத் தூர நின்று திரும்பத் திரும்ப எண்ணி ஏணியின் உயரம் பிடித்தார்கள். சேற்றில் வழுக்காமலிருக்க இடது காலில் மட்டும் செருப்பு. இதெல்லாம் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் எழுதியது. நான் அவரைக் கிழவன் என்றுதான் சொல்வேன், பத்து வருடப் பழக்கம். செருப்பு எந்தக் காலில் என்றுகூட எழுதின கிழவன், ரொட்டி சுட்டவர்களைப் பற்றி எழுதியது இரண்டே வசனம். முதலில் எத்தனை பேர் என்று. கடைசியில் அடிமையாக்கினார்கள் என்று.

பின்னால் வந்த ஒரு நீதிமன்றப் பேச்சில், யார் தப்புவது, யார் நிற்பது என்று சீட்டுப் போட்டுத் தீர்த்ததாக இருக்கிறது. கிழவனோ, துணிந்தவன் போனான், பயந்தவன் நின்றான் என்கிறான். சீட்டோ துணிவோ, பெண்களை யாரும் கேட்கவில்லை. இதுதான் என் ஆய்வு.

"மது அம்மா! தேத்தண்ணிக் கோப்பை முடிஞ்சுது!" மேலேயிருந்து கத்துகிறார்கள். போகிறேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். உப்பு இன்னும் தூவவில்லை.

வந்தவர்கள்: மன்னார் வாத்தியார் குடும்பம், இவருடைய வேலைத்தளத்து ஆட்கள் இரண்டு பேர், தெரிந்த குடும்பத்து ரமேஷின்ர அம்மா, வில்லரேயிலிருந்து, பெரிய அலுமினியச் சட்டி நிறையச் சாம்பார். இந்த மனுசி நாலு நாளும் தவறவில்லை. யாராவது காரில் ஏற்றி வருவார்கள். வந்து ஒரு மூலையில் இருந்து வெங்காயம் உரிக்கும். அதிகம் கதைக்காது.

பின்னேரம், ஹோல் நிறைய ஆட்கள். மச்சாள் எல்லாருக்கும் கேட்க என்னைப் பார்த்து: "சும்மா கேக்கிறன், குறை நினையாதையும். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில நீர் என்ன செய்தனீர்?"

மன்னார் வாத்தியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

என்ன செய்தனான்? ஊசி போட்டனான். பம்பர்ஸ் மாற்றினனான். இரண்டாவது தேர்வை விட்டனான். வாயில் இவ்வளவும் வந்து நின்றது. இவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி.

பிளாட்டேயாவில் மிஞ்சி நின்றவர்கள் பட்டினியில் சரணடைந்தபோது ஸ்பார்ட்டாவிலிருந்து நீதிபதிகள் வந்தார்கள். குற்றச்சாட்டு இல்லை. ஒரே ஒரு கேள்வி: இந்தப் போரில் எங்களுக்கு ஏதாவது நன்மை செய்தீர்களா? நகரத்தார் நீளமாகப் பேசினார்கள், பழைய புண்ணியமெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். கேட்டு முடித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரும்பவும் அதே கேள்வி. இல்லை என்றவனை அப்படியே கொண்டுபோய் வெட்டினார்கள். கேட்டவனுக்குப் பதில் தேவையில்லை. இந்தப் பகுதியை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் பாதியில் மூடி வைத்தேன்.

சரியான கோபம். மச்சாள்மேல் பாதி. ஜன்னல் பார்த்த ஆள்மேல் மீதி.

பெப்ரவரி 11, புதன்

பின்னேரம் உறைமழை. மரமெல்லாம் கண்ணாடி. இப்போது உப்புத் தூவியும் பிரயோசனமில்லை.

பேராசிரியருக்கு போன் பண்ணி, வரமாட்டேன் என்று சொல்ல இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் அந்தப்பக்கம் மணி அடிக்க முன் வைத்தேன்.

மது வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள். "அம்மா, ஜஸ்ட் கோ. பின்பக்கத்தால போங்கோ."

பின்பக்கம் அடுப்படிக்குள்ளால். அடுப்படியில் எந்நேரமும் நாலு பேர். கராஜ் கதவு திறந்தால் ஊருக்கே கேட்கும். இவரிடம் சொன்னால் அக்காவிடம் கேட்பார்.

தப்பினவர்கள் மதிலைத் தாண்டி ஏதென்ஸ் பக்கம் ஓடவில்லை. தீப்ஸுக்குப் போகிற பாதையில், பகைவரின் ஊரை நோக்கித்தான் முதலில் நடந்தார்கள். அந்தப்பக்கம் யாரும் தேடமாட்டார்கள் என்று. தேடினவர்கள் தீப்பந்தத்தோடு மற்றப் பாதையில் ஓடினார்களாம்.

எங்கள் வீட்டில் தீப்ஸ் என்பது ஹோல்.

பெப்ரவரி 12, வியாழன்

பின்னேரம் ஐந்து மணி. மெஷின் ஓடுகிறது. உள்ளே உடுப்பு ஒன்றும் இல்லை, சூட்டுக்குப் போட்டேன். ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கே ஆட்கள். ரமேஷின்ர அம்மாவின் அலுமினியச் சட்டியைக் கழுவித் துடைத்து, என் குறிப்புகளை அதற்குள் வைத்து மூடியைப் போட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு ஹோலுக்கு நடுவால் நடந்தேன்.

"எங்க போறீர்?" மச்சாள்.

"சட்டி திருப்பிக் குடுக்க. வாத்தியார் வீட்டுச் சட்டி. இண்டைக்குச் சமையலுக்கு அவைக்கு வேணுமாம்."

"ஓம் ஓம், கெதியா வாரும். கத்தரிக்காய் இன்னும் வெட்டேல்லை."

அவ்வளவுதான். வெறுஞ்சட்டியோடு போகிற மருமகளை ஒருவரும் மறிக்க மாட்டார்கள். ரமேஷின்ர அம்மா வெங்காயத்திலிருந்து நிமிர்ந்து தன் சட்டியைப் பார்த்தா. என்னையும் பார்த்தா. திரும்ப வெங்காயம். வாசலில் சப்பாத்துக் குவியலுக்குள் காலை விட்டேன், சிப்பை இழுத்தேன், வெளியே. ஐஸில் நடை. போனை நிறுத்தினேன். பஸ் வந்தது. "பொன்ஜூர்" என்றார் சாரதி, சட்டியைப் பார்த்தபடி.

மெட்ரோவில் இருந்து காலைப் பார்த்தபோதுதான் கண்டேன். இடது காலில் என்னுடையது, கறுப்பு. வலது காலில் மண்ணிறம், மேலே ரோமம் வைத்தது, ஒரு அளவு பெரிசு. ஐயோ கடவுளே! யாருடைய காலையோ கொண்டு வந்துவிட்டேன்.

அப்படியே உள்ளே போனேன். வேறு வழி? பேராசிரியர் முதலில் கண்டார். இடது கால், வலது கால், சட்டி. எழுந்து நின்று சிரித்தார். குழு முழுக்கச் சிரித்தது, ஒருவர் கைகூடத் தட்டினார். பிளாட்டேயாக்காரரின் ஒற்றைச் செருப்பை நான் வேண்டுமென்றே நடித்துக் காட்டுகிறேனாம். நானும் பேசாமலிருந்தேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

இரண்டு மணி நேரம். வெளித் தேர்வாளர், மெலிந்த மனுசி, கடைசியாகக் கேட்டா: "இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்களைப் பற்றி உறுதியாக என்ன தெரியும்?"

சொன்னேன்: எண்ணிக்கை தெரியும். வேலை தெரியும். மதிலைத் தாண்டினவர்கள் தின்ற கடைசி ரொட்டி அவர்கள் சுட்டது என்று ஊகிக்கலாம். ஒரு பெயர்கூடத் தெரியாது. இனியும் தெரியப் போவதில்லை.

வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டார்கள். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கை குலுக்கினார்கள். கழிப்பறையில் போய் அழுதேன். மாமாவுக்கா, எனக்கா, தெரியாது. மாமாவுக்கும்தான். அந்த மனுசன் இருந்திருந்தால் "இதுக்கோ பத்து வருசம்?" என்று கேட்டிருக்கும்.

வீடு. கதவைத் திறந்தது மது. "அம்மா, அப்பா வாத்தியார் வீட்டுக்குப் போனவர். சட்டி வரேல்லை எண்டவையாம். ஐஸில விழுந்திட்டீங்கள் எண்டு ரோட்டு ரோட்டாத் தேடினவர். பேந்துதான் நான் சொன்னனான்."

பிளாட்டேயாவில் உள்ளே நின்றவர்களும் அப்படித்தான். போனவர்கள் எல்லாரும் செத்தார்கள் என்று நினைத்து, விடியப் பிணம் கேட்டுத் தூது அனுப்பினார்கள்.

இவர் படிக்கட்டில் இருந்தார், கோட்டோடு. என்னைக் கண்டதும் எழும்பினார். "பாஸோ?" "ஓம்." முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்ப இருந்தார். மச்சாள் என்னைத் தாண்டிப் போனார். அவருடைய விசாரணை முடியவில்லை.

ஆனால் வீடு மணத்தது. கத்தரிக்காய்க் குழம்பு, ஆட்டிறைச்சி, மாமாவுக்குப் பிடித்த நண்டு. எல்லாம் தயார்.

அடுப்படியில் ஒரே ஒரு ஆள். ரமேஷின்ர அம்மா, வெறுங்காலோடு, ரொட்டி தட்டிக்கொண்டு.

"வந்திட்டியோ பிள்ளை. பன்ரண்டு மணிக்குக் கார் வந்தது. சப்பாத்து ஒண்டைக் காணேல்லை. என்னெண்டு பனிக்குள்ள போறது? கார் என்னை விட்டிட்டுப் போட்டுது. நிண்டு சமைச்சன்."

நான் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். அவவும் பார்த்தா. சிரிக்கிறா, மாக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

நான் தப்பினேன். எனக்குப் பதிலாக இந்த மனுசி அடைபட்டு நின்று முழு வீட்டுக்கும் சமைத்திருக்கிறது. ஆறு நாளாக என் வீட்டில் வெங்காயம் உரிக்கிறது. ஆறு வருடமாகத் தெரியும். வெட்கத்தில் காது சுட்டது.

"அன்ரி, உங்கட பேர் என்ன?"

"ஏன், பொலிசுக்குக் குடுக்கவோ?"

"இல்லை. எனக்குத் தெரியாது."

யாரும் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னா.

தனபாக்கியம்.