நாலாயிரத்தில் ஒன்று

நாள் 212 – 09:10
வெண்பாறை நிலவுச் சுரங்கம். எழுதுவது இசக்கியம்மாள், வலையமைப்புப் பொறியாளர். இங்கே மனிதர் இருவர், இயந்திரங்கள் முந்நூறு. இயந்திரங்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசும், பாக்கெட் எனும் சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்களாக. அத்தனை பாக்கெட்டையும் பார்க்க, அவற்றைக் கடத்திவிடும் ஸ்விட்ச் பெட்டியால் முடியாது. ஆயிரத்துக்கு ஒன்றை மாதிரியாக எடுத்துப் பார்த்து, ஆயிரத்தால் பெருக்கிக்கொள்வோம். குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிற வேலைதான். ஸ்விட்ச் திணறுகிறதே என்று இன்று நாலாயிரத்துக்கு ஒன்று ஆக்கினேன்.

மூன்றாம் கூடத்திலிருந்து மெக்கானிக் ஜெபராஜ், ரேடியோவில்: "எக்கா, நீங்க பாக்காம விடுற பாக்கெட்டுல நான் கெடந்தா என்ன செய்விய?" போய் வேலையைப் பார் என்றேன்.

நாள் 213 – 12:04
விண்கல் விழுந்தது. மூன்றாம் கூடத்துக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் ஜெபராஜின் ரேடியோவில் பதில் இல்லை.

15:30
பூமியிலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரி வரதராசன்: "மூணாம் கூடத்துலேருந்து ஏதாவது வருதாம்மா?"

மூன்று மணி நேர மாதிரியைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பூச்சியம் என்று அனுப்பிவிட்டு அழுதேன்.

நாள் 214 – 10:02
மாதிரியில் ஒரு பாக்கெட்! மூன்றாம் கூடத்து வெப்பமானி. பிளக்கில் செருகியதும் தன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு பாக்கெட் அனுப்பும். தன்னைத்தானே செருகிக்கொள்ள அதற்குக் கை கிடையாது.

10:20
வரதராசன்: "ஒண்ணே ஒண்ணுதானே, கருவிக் கோளாறும்மா. தொட்டியில மிஞ்சியிருக்கிற காத்து ஒரு ஆளுக்கு நாப்பது மணி நேரம். ரெண்டு பேருன்னா இருபதுதான். மீட்புக் கலம் வர முப்பது ஆகும். உங்களுக்காகத்தான் சொல்றோம். பன்னெண்டு மணிக்கு மூணாம் கூடத்துக் காத்து வால்வை இங்கேருந்தே மூடிடறோம்."

எனக்காகவாம். என்னைக் கேட்டார்களா?

10:41
எல்லாப் பாக்கெட்டையும் பிடிக்கச் சொல்லிவிட்டேன். ஸ்விட்ச் கொதிக்கிறது, கொதிக்கட்டும். அந்த வெப்பமானியிலிருந்து மூன்று பாக்கெட், இடைவெளி, மறுபடி மூன்று. நிமிடத்துக்கு மூன்று. இருபத்திரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய நாலாயிரம் முறை செருகிப் பிடுங்கியிருக்கிறான். அதில் ஒன்றைத்தான் நான் பார்த்தேன். பூச்சியம் என்று எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

11:15
எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்பினேன். வரதராசன்: "நெஜமாவே இருந்தாலும், ரெண்டு பேரையும் காப்பாத்த முடியாதும்மா."

11:48
வால்வுக்குப் போகிற கட்டளை என் ஸ்விட்ச் வழியாகத்தான் போயாக வேண்டும். பூமிக்கு நான் சொன்ன கடைசிச் செய்தி: "அங்க உக்காந்துக்கிட்டு இங்க ஆளைக் கழிக்காதிய. நான் இருக்க வரைக்கும் அந்த வால்வு மூடாது." பூமியிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் கேபிளைப் பிடுங்கினேன்.

12:30
ஆடாமல் அசையாமல் படுத்தால் மூச்சு மிச்சமாகும். இருபதை முப்பது ஆக்கியே தீருவேன். அவன் கூடத்து ஸ்விட்ச் விளக்கை இங்கிருந்தே நான்கு முறை அணைத்து ஏற்றினேன். சட்டென்று மூன்று வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

நாள் 215 – 14:20
தலை சுற்றுகிறது. கலம் வர இன்னும் இரண்டு மணி நேரம். வருகிறவர்களுக்கு: ரேடியோவில் குரல் கேட்காது, ஸ்விட்சைப் பாருங்கள். மாதிரி எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாக எண்ணுங்கள். மூன்று என்றால் ஜெபராஜ். நான்கு என்றால் நான். நான்கு நின்றுபோயிருந்தால் என் அறைக்கு வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே மூன்றாம் கூடத்துக் கத—