பதினேழாம் குழியில் நிமிர்ந்த புல்

அன்பு மகள் ஷார்லினுக்கு,

மெல்பர்னில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்ளும் அப்பா எழுதுவது. இங்கே ஜெலுத்தோங்கில் நானும் அம்மாவும் சுகம். லிஃப்ட்தான் மறுபடியும் சுகமில்லை, ஒன்பது மாடி ஏறி இறங்கி அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, தைலம் தேய்த்துவிட்டேன், கவலைப்படாதே. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது ஸ்பீக்கரில் பேசுகிற விஷயம் இல்லை, அவளுக்கு இன்னும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓட்டமாக வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு நோர்மா தட்டு நிறையக் குவே பலகாரம் கொண்டுவந்தாள். மேஜர் என்ற பெரிய பட்டம் வாங்கியவர்களே ஐந்து பேர் ஆடுகிற கோல்ஃப் போட்டி, அதில் கடைசி ஜோடியில் நீ வேலை பார்க்கிற மேடம், அவர் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு என் மகள். நீ தெரியும்போதெல்லாம் அம்மா எழுந்துபோய் டிவியைத் தொட்டாள், திரையெல்லாம் எண்ணெய்க் கை. ஒரே ஒரு அடி குறைவாக அடித்து மேடம் கோப்பையைத் தூக்கியபோது அம்மா அழுதாள், நோர்மாவும் சேர்ந்து அழுதாள். நான் மட்டும் கை தட்டவில்லை. ஏன் என்று உனக்கே தெரிந்திருக்குமோ என்றுதான் எனக்குப் பயம்.

பதினேழாம் குழியில் மேடத்தின் பந்து ஓரத்து நீளப் புல்லில் விழுந்ததே, அங்கேதான். மேடம் தூரம் பார்க்க முன்னால் நடந்து போய்விட்டார். நீ பந்துக்குப் பக்கத்தில் பையை இறக்கினாய், பையின் அடி புல்லில் பட்டது, பந்து அரைச்சுற்று உருண்டது. இருபத்தெட்டு வருஷம் கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டியவன் நான், எனக்குப் பந்தைப் பார்க்கத் தெரியாவிட்டாலும் புல்லைப் பார்க்கத் தெரியும். பந்து கிடந்த இடத்தில் அழுந்தியிருந்த புல் மெல்ல நிமிர்ந்தது. நீ குனிந்து பார்த்தாய், மேடம் பக்கம் பார்த்தாய், பிறகு இடது காதைத் தேய்த்தாய். சின்ன வயதில் பொய் சொல்லப் போகும்போதெல்லாம் தேய்ப்பாயே, அதே காது. மேடம் திரும்பி வந்தார், நீ வாய் திறக்கவில்லை, அவரும் அடித்துவிட்டார். தெரியாமல் பை பட்டு நகர்ந்தாலும் ஒரு அடி தண்டம், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போதே சொல்லி அந்த ஒரு அடியைக் கூட்டியிருந்தால் மேடமும் இரண்டாவதாக வந்தவரும் சமம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் டெஸ்மண்ட் மாமா அந்த இடத்து வீடியோவை மட்டும் வெட்டிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார், அதில்தான் நீ பெரிதாகத் தெரிகிறாயாம். அம்மா அதைப் பசாரில் மீன்காரனிடம் காட்டுகிறாள், கோயில் வாசலில் காட்டுகிறாள், யாரும் கேட்காவிட்டாலும் காட்டுகிறாள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களின் கண்ணையே பார்க்கிறேன், புல்லுக்குப் போகிறதா என்று. இதுவரை யாரும் புல்லைப் பார்க்கவில்லை. நேற்று அம்மாதான் கேட்டாள், “ஏங்க, இந்த எடத்துல புள்ள மொகம் ஏன் இப்படி வாடிப் போவுது? பசியா இருக்கும் லா.” நான் ஆமாம் என்றேன்.

எனக்கு வயது அறுபத்தேழு, ஒரு கண்ணில் புரை வேறு. நான் பார்த்தது தப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை நன்றாகத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால் மேடத்திடம் நேரில் போய்ச் சொல்லிவிடு, மெசேஜில் வேண்டாம். கோப்பையை என்ன செய்வது என்று அவரும் போட்டி நடத்துகிறவர்களும் பார்த்துக்கொள்ளட்டும். வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான், நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் அலைந்து பிடித்த இடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் நீயும் பேசாமல் இரு என்று எழுதத்தான் நினைத்தேன். அப்புறம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் பை தூக்குவாய் மகளே.

இதற்கு நடுவில் உன் வெற்றிக்கு நன்றிப் பூசை வைக்க வேண்டும் என்று அம்மா, பூசை எதற்காக என்று எழுதிக் கொடுக்கிற கருத்துச் சீட்டைக் கையில் கொடுத்து என்னை அனுப்பினாள். கோயில் ஆபிஸ் மேசை முன்னால் நின்றேன், நன்றி என்று எழுதக் கை வரவில்லை, அப்படியே திரும்பிவிட்டேன். ஆபிஸ் பூட்டியிருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், என் கை இடது காதில் இருந்தது. அந்தப் பழக்கம் உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்துக்குக் கிரீம் போடாமல் வெயிலில் நிற்காதே. நீ பேசப் போகும்போது ஆண்டவர் உன் பக்கத்தில் நிற்பார், பயப்படாதே. கடிதம் கிடைத்ததும் எங்கள் நேரம் காலை எட்டு மணிக்கு என் போனுக்குக் கூப்பிடு, அம்மா பசாருக்குப் போயிருப்பாள். சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. உன் பெயரை எழுதிவிட்டேன், எதற்காகப் பூசை என்ற இடம் மட்டும் காலி. நீ பேசிய பிறகு எழுதுகிறேன்.

என்றும் உன் அப்பா,
வில்லியம்